உப்புக்காத்துப் பாட்டுல நாலு தட்டு

ஒரு காலத்துல முத்துக் குளிச்ச கடலு, இப்போ கப்பல் நிறுத்துற கடலா ஆகிப்போன தூத்துக்குடியில, பெரிய மாதா கோயிலுக்குப் பின்னால இருக்கிற எங்க தெருவுல, ஒரு பாட்டுக்கு ஊரே பதில் சொல்ல ஆரம்பிச்ச கதை இது. நம்புறவங்க நம்புங்க, நம்பாதவங்க எங்க ஊரு டீக்கடை எதுலயாவது அஞ்சு நிமிசம் நின்னு பாத்துட்டு வந்து என்கிட்ட சண்டைக்கு நில்லுங்க. நான் ஞானப்பூ, தையக்காரி, அந்தப் பாட்டப் பாடுன டெல்ஃபினாவுக்கு முதல் பாவாடையிலருந்து டிவியில போட்டுக்கிட்டு வந்த ஜிகினா சட்டை வரைக்கும் தச்சுக் கொடுத்தவ, அதனால இதப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கு.

டெல்ஃபினா, மேபல், பாத்திமா மேரி, இந்த மூணு பேரும் கோயில் பாடகர் குழுவுல ஒண்ணா வளந்தவளுவ. கோயில் பாட்டுக்கு ஒரு முறை உண்டு. ஒருத்தி அடி எடுத்துக் கொடுப்பா, மத்தவங்க பதில் பாடுவாங்க, எடுத்துக் கொடுத்தவ அந்த நேரம் வாயை மூடி நின்னு கேக்கணும், அதுதான் மரியாதை. இவளுவ வயசு ஏற ஏற ஜெபப் பாட்டுலருந்து ஆட்டப் பாட்டுக்குத் தாவி, மூணு சிப்பின்னு பேரு வச்சுக்கிட்டு, கோயில் அசன விருந்துக்கும் காலேஜ் விழாவுக்கும் கல்யாண வீட்டுக்கும் ஆடிப் பாடி, மதுரை போயி, சென்னை போயி, போன்ல பாக்குற ஜனமெல்லாம் பேரு சொல்லுற அளவுக்கு வந்துட்டாளுவ, ஆனாலும் அந்த முறைய மட்டும் விடல. டெல்ஃபினா கேப்பா, வலது பக்கம் திரும்பி ஒரு தலையாட்டு ஆட்டுவா, மேபலும் பாத்திமாவும் பதில் சொல்லுவாளுவ. மூணு பேருக்கும் ஒரே துணியில தைக்கணும், ஒருத்திக்கு ஒரு பாசிமணி கூடுனாலும் மத்த ரெண்டும் மூஞ்சியத் தூக்கிக்கிடும்.

அப்புறம் நடந்தது எல்லா ஊருலயும் நடக்குறதுதான். சென்னைக் கம்பெனி ஒண்ணு டெல்ஃபினாவ மட்டும் போதும்னுச்சு, இவளும் சரின்னுட்டா, சரின்னு சொன்னதக் கூட்டாளிமாரு கிட்ட சொல்லத்தான் வாய் வரல. பாத்திமா மேரி அதுக்குள்ள கல்யாணம் ஆகி மஸ்கட்டுக்குப் போயிட்டா, அவளுக்குக் கோவம் ஒரு ராத்திரிக்கு மேல தங்காது. மேபலுக்குத்தான் தாங்கல. டவுன் பஸ்ஸுக்குப் பின்னால ஒட்டியிருந்த போஸ்டர்ல டெல்ஃபினா மூஞ்சி மட்டும் தனியாச் சிரிச்சதப் பாத்துத்தான் அவளுக்குச் சங்கதியே தெரிஞ்சிருக்கு. அன்னைக்கே பாட்ட விட்டா, பேச்ச விட்டா, மக்ரூன் போடுற பேக்கரியில போயி முட்டை உடைக்க உக்காந்துட்டா. தூத்துக்குடியில பிறந்துட்டுக் கோவிச்சுக்கிட்டா மக்ரூன் பேக்கரிதான் கதி, கடல் பக்கம் போனா எல்லாரும் துக்கம் விசாரிப்பாங்க.

டெல்ஃபினாவோட தனிப் பாட்டுக்கு உப்புக்காத்துன்னு பேரு. டான்ஸ் கிளப்புல போட்டு ஆடுறதுக்குன்னே பண்ணுனது, தரை அதிரும், ரெண்டு அடி கேட்டாலே முழங்கால் தன்னால மடங்கும். அதுல ஒரு அடி வரும்: என் கூட ஆட யாரு? ரெக்கார்டிங் ரூம்ல அந்த அடியப் பாடி முடிச்சதும் டெல்ஃபினா பழக்கத்துல வலது பக்கம் திரும்பி, பழக்கத்துல தலையாட்டி, பழக்கத்துல வாயை மூடிக்கிட்டு நாலு தாளத் தட்டு நேரம் நின்னுட்டா. இசையமைப்பாளரு இத ஏதோ பெரிய யோசனைன்னு நெனச்சு அந்த இடத்துல மேளத்தையும் எடுத்துட்டாரு. ஆக, அம்புட்டு ஆரவாரமான பாட்டுக்கு நடுவுல நாலு தட்டுக்குச் சுத்தமா வெறும் காத்து. டிவியில ஒருத்தன் இது என்ன மேடம்னு கேட்டதுக்கு, இதான் இப்போ ஸ்டைலுன்னு சொல்லிட்டு வந்துட்டா.

பாட்டு ஊருக்கு வந்த அன்னைக்குச் சிலுவை அண்ணாச்சி டீக்கடை ஸ்பீக்கர்ல முதல்முதலா அதப் போட்டாங்க. என் கூட ஆட யாருன்னு டெல்ஃபினா கேட்டா, மேளம் நின்னுச்சு, அந்த வெறும் காத்துக்குள்ளருந்து சிலுவை அண்ணாச்சியோட குரலு, 'நான் வாறேன், பால் மட்டும் பொங்கிக்கிடட்டும்'னு, சுருதி பிசகாம, தாளம் தப்பாம பாடுச்சு. அண்ணாச்சி அப்போ வாயை இறுக்க மூடிக்கிட்டு டீ ஆத்திக்கிட்டு இருந்தாரு. அண்ணாச்சி, இம்புட்டு நல்லாப் பாடுவீங்களான்னு பெஞ்சுல இருந்தவங்க கேட்டாங்க. நான் பாடலப்பா, ஆனா குரலு என்னுதுதான், அதுல சந்தேகமே இல்லன்னு சொல்லிட்டு அவரு அடுத்த கிளாசக் கழுவப் போயிட்டாரு.

அதுக்கப்புறம் எங்க போட்டாலும் இதே கூத்துதான். ஸ்பீக்கர் பக்கத்துல யாரு நிக்காங்களோ அவங்க குரலு அந்த நாலு தட்டுல வந்து உக்காந்துக்கிடும், வெறும் தொண்டைக் குரலா இல்ல, பாட்டுக்குப் பொருத்தமா, மனசுல உள்ளதச் சொல்லிக்கிட்டு வரும். மீன் ஏலம் போடுற கொர்நேலியாக்கா ஆட்டோவுல போகும்போது 'கூடைய இறக்கிட்டு வாறேன்'னு வந்துச்சு. டிராஃபிக் போலீஸ்காரர் ஒருத்தரு சிக்னல்ல நின்ன காருக்குள்ளருந்து 'எனக்கும் ஆசைதான், தொப்பிய யாரு புடிக்க'ன்னு தன் குரலக் கேட்டு, அந்தக் காருக்கு மட்டும் சல்யூட் அடிச்சு அனுப்பிச்சாரு. பங்குச் சாமியார் தன் அறையில கதவச் சாத்திக்கிட்டு மெதுவா வச்சுக் கேட்டிருக்காரு, 'பூசை முடியட்டும், நானும் வாறேன் பிள்ளைகளா'ன்னு வந்திருக்கு. இது புதுமையோ அற்புதமோ இல்ல, மேலிடத்துக்கு எழுதுற மாதிரி இதுல ஒண்ணும் இல்லன்னு ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துல சொன்னாரு, சொல்லும்போது அவரு காலு பீடத்துக்குக் கீழ தாளம் போட்டத நாங்க எல்லாரும்தான் பாத்தோம்.

ஜனங்க எதையும் பழகிக்கிடும், நல்லதுன்னா இன்னும் சீக்கிரம் பழகிக்கிடும். பொண்ணு பாக்கப் போற வீட்டுல பஜ்ஜி வைக்கிறதுக்கு முன்னால இந்தப் பாட்டப் போட்டுப் பாக்குறது வழக்கமாச்சு. கீழத் தெருவுல ஒரு மாப்பிள்ளை குரலு 'ஆள விடுங்க, நான் வரல'ன்னு சொல்ல, உள் ரூம்லருந்து பொண்ணு ஓடிவந்து அவன் கையப் புடிச்சு நன்றி சொன்னா, ரெண்டு வீட்டுக்காரங்களும் சேந்து பஜ்ஜியத் தின்னுட்டுச் சந்தோசமாப் பிரிஞ்சாங்க. ஐஸ் உடைக்கிற அமலன்னு ஒருத்தன், பிறந்ததுலருந்து பேச்சு வராது. அவன் கடையில பாட்டப் போட்டப்போ, யாருமே கேட்டிராத ஒரு குரலு, சன்னமா, குழைவா, 'செசிலி வந்தா நானும் வாறேன்'னு வந்துச்சு. அவன் பொண்டாட்டி செசிலி கையில இருந்த தூக்குவாளிய அப்படியே கீழ வச்சுட்டு, இம்புட்டுப் பெரிய உடம்புக்கு இம்புட்டு மெல்லிசுக் குரலான்னு சொல்லிச் சிரிச்சா, அப்புறம் முந்தானையால மூஞ்சிய மூடிக்கிட்டு அழுதா. அதுக்குப் பிறகு அமலன் பாட்ட நிறுத்தவே இல்ல, அந்தத் தெருவே அவன் பேச்சுத் தாங்காம கதவ அடைக்க வேண்டியதாப் போச்சு.

மக்ரூன் பேக்கரியில மட்டும் குரல் வரல. அங்க ரேடியோ பழசு, அதான் வரலன்னு முதலாளி புது ஸ்பீக்கர் வாங்கி மாட்டுனாரு. அதுலயும் மேபல் வேலைக்கு வராத நாள்ல மட்டும்தான் வந்துச்சு. அத யாரும் அப்போ கணக்குல எடுத்துக்கிடல.

இப்படி ஊரே ஆடிக்கிட்டு இருக்கும்போதுதான் டெல்ஃபினா வந்து இறங்குனா. கடற்கரை ரோட்டுல புதுசாத் தொறந்த ஓட்டல்ல ஒரு டான்ஸ் கிளப், அதோட திறப்பு விழாவுல அவ நேருக்கு நேரா நின்னு பாடணும். வந்த அன்னைக்கு அவ அம்மா ஆசையாப் பாட்டப் போட்டிருக்கா. என் கூட ஆட யாரு? நாலு தட்டும் வெறும் காத்து. அம்மா ஒரு ரூம்ல தனியா இருந்தா அம்மா குரலு வருது, டெல்ஃபினா வாசப்படியத் தாண்டுனா நின்னுபோவுது. சிலுவை அண்ணாச்சி கடைக்குப் போனா, அண்ணாச்சி குரலு வாயடைச்சுப் போவுது. ஆட்டோவுல ஏறுனா ஆட்டோ ஊமையாவுது. ஊருல எல்லாரும் அவ கேள்விக்குப் பதில் சொல்லுறாங்க, அவ முன்னால மட்டும் ஒருத்தரும் சொல்லலைன்னா எப்படி இருக்கும். நாங்க நாசூக்கா அவ வரும்போது பாட்ட அமத்தி வைப்போம், அது இன்னும் மோசமா இருந்துச்சு.

திறப்பு விழாவுக்கு ஊரே வரப்போவுது, அந்த நாலு தட்டக் கேக்கத்தான் வரப்போவுது, அங்க இவ நின்னு, என் கூட ஆட யாருன்னு கேட்டு, ஊருக்கு முன்னால ஒரு பதிலும் வராம நிக்கணும். அந்தப் பயத்துலதான் பிள்ளை மெலிஞ்சுபோச்சு, அளவெடுத்த நாடா என் கையில தொங்குச்சு. தனி ஆட்டத்துக்கு ஒரு சட்டை தைக்கச் சொல்லியிருந்தா, நான் ஒரு மடச்சி, கைப்பழக்கத்துல துணிய மூணா மடிச்சு மூணு சட்டைக்கு வெட்டி வச்சிருந்தேன். அதப் பாத்ததும் தையல் மெசின் மேல தலைய வச்சு அழுதா.

கம்பெனிக்காரங்க விசயம் கேள்விப்பட்டு, அந்த இடத்த அடைச்சு ஒரு பாட்டு அனுப்பிச்சிருந்தாங்க. சென்னையில நாலு பிள்ளைங்களக் கூப்பிட்டு, நாங்க வர்றோம், நாங்க வர்றோம்னு பாட வச்சு ஒட்டியிருந்தாங்க. என் கடையில வச்சே போட்டுக் காட்டுனா. ஒரு குறை சொல்ல முடியாது, அம்புட்டுச் சுத்தம். எப்படி இருக்கு எக்கான்னு கேட்டா.

"நல்லாத்தான் இருக்கு. யாருன்னுதான் தெரியல"ன்னு சொன்னேன்.

அவ அந்த வெட்டுன துணிய இழுத்து மடியில வச்சுக்கிட்டா. "அது மேபல் நிக்கிற இடம் எக்கா. திரும்பிப் பாத்தா அங்க யாரும் இல்ல. திருப்பிப் பாடுறியான்னு கேட்டாங்க, எனக்கு அத மூட மனசு வரல. டிவியில வேற என்னத்தச் சொல்ல, ஸ்டைலுன்னு சொல்லித் தொலைச்சேன்."

இத அவகிட்டப் போயிச் சொல்லுட்டின்னேன். மூஞ்சியில முழிக்க முடியாது எக்கான்னுட்டா. அப்போ நான் சும்மா இருப்பனா, பேக்கரிக்கு நானே போனேன். மேபல் முட்டையில வெள்ளைக்கருவத் தனியாப் பிரிச்சுக்கிட்டு இருந்தா. டெல்ஃபி சொன்ன அம்புட்டையும் ஒரு சொல்லு விடாமச் சொன்னேன். நுரை ஏறுற நேரத்துல பேசக் கூடாது எக்கா, மக்ரூன் தட்டையாப் போயிரும்னா. வருவியா மாட்டியா, ஒண்ணு சொல்லுன்னேன். இன்னொரு முட்டைய எடுத்து உடைச்சா. எனக்கு வந்த கோவத்துக்கு அவ சட்டியக் கவுத்திருப்பேன், முதலாளி நின்னாரு, விட்டுட்டேன்.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குத் திறப்பு. கிளப்புக்காரங்க ராத்திரிதான்னு நின்னாங்க, எங்க ஆளுங்க காலையில கடலுக்குப் போகணும், அதெல்லாம் சரிப்படாதுன்னு மாத்த வச்சோம். தெருவே குளிச்சுப் பவுடர் போட்டுக் கிளம்புச்சு. கிளப்பு வாசல்ல வந்ததும் ஒருத்தர் விடாம செருப்பக் கழட்டிப் போட்டுட்டு உள்ள போனாங்க. யாரும் சொல்லல, பாட்டுப் பாடுற எடம், சத்தமில்லாம நுழையிற எடம், செருப்போட எப்படிப் போறது. கோட்டுப் போட்ட காவல்காரன் இதெல்லாம் வேண்டாங்கன்னு கெஞ்சிப் பாத்துட்டு, கடைசியில குனிஞ்சு ஜோடி ஜோடியா அடுக்க ஆரம்பிச்சான். உள்ள கலர் லைட்டு சுத்துது, கண்ணாடித் தரையில வெறுங்காலோட கொர்நேலியாக்காவும் சாமியாரும் டிராஃபிக் போலீசும் அமலனும் செசிலியும் முன்வரிசை புடிச்சு நிக்காங்க.

டெல்ஃபினா மேடைக்கு வந்தா. ரெண்டு பாட்டுல எதப் போடன்னு மெசின்காரன் கேட்டதுக்கு, ஓட்டை உள்ளதப் போடுன்னு அவ சொன்னத நான் என் காதால கேட்டேன். பாட்டு ஆரம்பிச்சு, தரை அதிர்ந்து, ஜனம் ஆட ஆரம்பிச்சு, அவளும் பயத்த எல்லாம் இடுப்புல இறக்கி ஆடுனா பாருங்க, நான் தச்ச சட்டையில ஒரு மணி உதிராம நின்னது எனக்கே பெருமையா இருந்துச்சு. என் கூட ஆட யாருன்னு கேட்டா. வலது பக்கம் திரும்பித் தலையாட்டுனா. மேளம் நின்னுச்சு. அம்புட்டுப் பேரும் ஆட்டத்த நிறுத்தி, வழக்கப்படி வாயை மூடி, கழுத்தத் தூக்கி ஸ்பீக்கரப் பாத்தோம். ஒண்ணும் வரல. எங்க யாருக்கும் நம்ம தொண்டையிலயும் ஒரு குரலு கிடக்கே, அதத் தொறப்போம்னு தோணல, அம்புட்டுப் பழகிப்போயிருந்துச்சு அந்த டப்பா. நாலு தட்டும் அப்படியே போச்சு. அவ கண்ணு கலங்குனது லைட்டுல பளிச்சுன்னு தெரிஞ்சுது, ஆனாலும் அடுத்த அடிய விடாம எடுத்தா.

அந்த ஓட்டல் மதிலுக்குப் பின்னாலதான் மேபல் வீடு. தலைக்குக் குளிச்சுட்டு நைட்டிய மாட்டிக்கிட்டு மாடியில முடி காயவச்சுக்கிட்டு இருந்தவளுக்குப் பாட்டு கேட்டிருக்கு, பாட்ட விட ஊரு மொத்தமும் மூச்ச அடக்கிக்கிட்டு நின்னது கேட்டிருக்கு. அதத்தான் அவளால பொறுக்க முடியல. ரெண்டாவது தடவ அந்த அடி வர்றதுக்குள்ள, நைட்டி மேல ஒரு துண்டப் போட்டுக்கிட்டு, ஈரத் தலையோட, அடுக்கி வச்ச செருப்பெல்லாம் சிதற ஓடி வந்துட்டா. நைட்டியோட உள்ள விடக் கூடாதுன்னு காவல்காரன் மறிச்சான். எங்க ஊருல நைட்டிக்கு மேல துண்டு போட்டுட்டா அது ராஜ உடுப்பு, பேங்குக்கே போவோம், நீ யாருய்யா மறிக்கன்னு நான் வாசலுக்கு ஓடி அவன ஒரு புடி புடிச்சேன், அந்தச் சாக்குல அவ மேடையில ஏறிட்டா.

ரெண்டு பேரும் நேருக்கு நேரா நின்னாளுவ. பாட்டு பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருக்கு. டெல்ஃபினா கையில மைக்கு, அதனால பேசுனது எல்லாம் ஊருக்கே கேட்டுச்சு.

"ஏட்டி, எங்கிட்டயும் வரலட்டி"ன்னா மேபல்.

"என்னது?"

"குரலு. பேக்கரியிலயும் வரல, வீட்டுலயும் வரல. தலகாணிக்கு அடியில போன வச்சுக்கிட்டுக் கூடப் போட்டுப் பாத்தேன். ஊருல எல்லாருக்கும் வருது, எனக்கு மட்டும் இல்ல. என்னைய மட்டும் வேண்டாம்னுட்டியோன்னு நெனச்சேன்."

"எங்கிட்டயும் வரலட்டி. நீதான் கோவத்துல பிடிச்சு வச்சிருக்கியோன்னு நெனச்சேன்." டெல்ஃபினா இன்னொரு கையால மேபல் கையப் புடிச்சா. "போஸ்டருக்கு முன்னால நான் உங்கிட்ட சொல்லியிருக்கணும். தப்புட்டி. அது உன் இடம், ஸ்டைலும் இல்ல ஒரு மண்ணும் இல்ல."

பேச்சுலயே ரெண்டாவது தடவ போயி, மூணாவது தடவ அந்த இடம் வந்துருச்சு. டெல்ஃபினா மூக்க உறிஞ்சிக்கிட்டே என் கூட ஆட யாருன்னு கேட்டா, வலது பக்கம் திரும்பித் தலையாட்டுனா, இந்தத் தடவ அங்க ஆளு நிக்குது. மேளம் நின்னுச்சு. என்ன செய்யணும், மேபல் பாடணும். மேபல் என்ன செஞ்சா, எங்கள மாதிரியே கழுத்தத் தூக்கி ஸ்பீக்கரப் பாத்தா. டெல்ஃபினாவும் ஸ்பீக்கரப் பாத்தா. ஊருலயே நல்லாப் பாடத் தெரிஞ்ச ரெண்டு பொம்பளைங்க, கையில மைக்க வச்சுக்கிட்டு, ஒரு டப்பாவ அண்ணாந்து பாத்துக்கிட்டு வாயத் தொறக்காம நிக்காங்க. அப்புறம் ஒருத்திய ஒருத்தி பாத்தாளுவ. சிரிப்பு வந்துச்சு பாருங்க, அப்படி ஒரு சிரிப்பு, கோயில்ல பாடும்போது சாமியார் திட்டத் திட்ட அடக்க முடியாமச் சிரிப்பாளுவளே அதே சிரிப்பு, சரியா அந்த நாலு தட்டுக்குள்ள வந்து நிறைஞ்சுது. மேளம் திரும்ப விழுந்துச்சு.

கடைசித் தடவ அவ கேட்டப்போ நாங்க ஸ்பீக்கரப் பாக்கல. அவங்கவங்க தொண்டையத் தொறந்தோம். நான் வாறேன், நாங்க வாறோம், கூடைய இறக்கியாச்சு, பூசை முடிஞ்சாச்சுன்னு, ஒருத்தருக்கும் சுருதி சேரல, தாளமும் தப்பிப்போச்சு, கண்ணாடித் தரையில ஒரு ஓரத்துல கீறலே விழுந்துச்சு. மேபலோட குரலு மட்டும் எல்லாத்துக்கும் மேல ஏறி, பழைய இடத்துல போயி, ஆணி அடிச்ச மாதிரி நின்னுச்சு. நான் பாட்டுக்கு அழுதுகிட்டே ஆடுனேன், எனக்கென்ன வெக்கம்.

மறுநாள்லருந்து ஸ்பீக்கர்ல எங்க குரலு யாருக்கும் வரல. அந்த நாலு தட்டுல இப்போ ரெண்டு பொம்பளைங்க சிரிப்புத்தான் வருது, டீக்கடையில, ஆட்டோவுல, மஸ்கட்டுல பாத்திமா மேரி வீட்டு அடுப்படியில வரைக்கும். அவ போன் போட்டு, என்னைய விட்டுட்டுச் சிரிக்கியளான்னு ஒரு ராத்திரி முழுக்கக் கோவிச்சுக்கிட்டா. பதில் சொல்லணும்னு ஆசை இருக்கவங்க இப்போ வாயத் தொறந்துதான் சொல்லணும், சிலுவை அண்ணாச்சி கூட டீ ஆத்திக்கிட்டே சொல்லிப் பழகுறாரு, கேக்கச் சகிக்கல. அமலன் ஐஸ் கடையில மட்டும் பழையபடி அவன் குரலுதான் வருது, செசிலி வந்தா நானும் வாறேன்னு. அத ஏன் எதுக்குன்னு ஊருல ஒருத்தரும் கேக்கல, நீங்களும் கேக்காதீங்க.

டெல்ஃபினா சென்னைக்கு ரயில் ஏறுன அன்னைக்கு மேபல் ஒரு டப்பா மக்ரூனோட வழியனுப்ப வந்தா. நான் வெட்டி வச்ச ரெண்டாவது சட்டையத் தச்சு அவளுக்குக் கொடுத்துப் பாத்தேன், பத்தல, பேக்கரி வேலை அப்படி, மறுபடி பிரிச்சு விட்டிருக்கேன். பிளாட்பாரத்துல முறுக்கு விக்கிறவன் போன்ல அந்தப் பாட்டு ஓடுச்சு, கேள்வி வந்துச்சு, ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டு தங்களோட சிரிப்பத் தாங்களே நின்னு கேட்டாளுவ.

"நீ சிரிச்சதுல சுருதி இறங்கிருச்சுட்டி"ன்னா மேபல்.

"அடுத்த பாட்டுல சரி பண்ணிக்கிடலாம், நீ மக்ரூனத் தின்கிறதக் கொறை"ன்னா டெல்ஃபினா. ரயில் நகந்த பிறகும் ரொம்ப தூரத்துக்கு ஜன்னல் வழியாத் தலைய நீட்டி வலது பக்கமாவே பாத்துக்கிட்டுப் போனா.